வலைக்கண்ணும் வயற்பரப்பும்: நாற்பக்கல் அளவையின் வரலாறு

முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிக் கொக்கிளாய்க்குச் செல்லும் வழியில், செம்மலையைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது நாயாறு. ஆறு என்னும் பெயரைப் பெற்றிருப்பினும் அது ஒரு கடனீரேரியே. மேற்கிலுள்ள காடுகளினின்று இறங்கும் சிற்றாறுகள் அதன்கண் வந்து கலக்கின்றன. ஒடுங்கிய வாயொன்றினால் அது கடலோடு தொடர்புறுகின்றது. ஒருபுறம் கடலும் மணலும், மறுபுறம் காடும் வயலும். வலைஞரும் உழவரும் ஒரே நிலத்திலே தத்தம் தொழிலைச் செய்யும் இடம் அது.

அக்கரையில் வலையை உலர்த்தி நிற்பாரைக் காண்போர் ஒரு சிறு செய்தியைக் கவனித்தல் நன்று. வலையின் ஒவ்வொரு கண்ணும் நான்கு முடிச்சுக்களுக்கு இடைப்பட்ட நான்கு சமமான நூற்றுண்டுகளால் ஆயது. வலையை அகல விரித்தால் அக்கண் சதுரமாகத் திறக்கும். நீளவாட்டிலே இழுத்தால் அது சாய்சதுரமாக ஒடுங்கும். மேலும் இழுத்தால் இரு நூல்கள் ஒன்றன்மேலொன்று படிந்ததுபோலக் கண் மூடிப்போம். இத்தனை மாற்றத்திலும் நூலின் நீளம் அணுவளவும் மாறுவதில்லை. மாறுவது கண்ணின் பரப்பே. திறந்த கண்ணில் நுழைந்து தப்பும் மீன் ஒடுங்கிய கண்ணில் நுழையமாட்டாது என்பதை வலைஞர் கணிதம் கல்லாமலே அறிவர்.

நான்கு பக்கங்களின் நீளத்தை அறிந்தமையால் மட்டும் ஒரு நாற்பக்கலின் பரப்பு அறிந்ததாகாது என்பதே இவ்வலைக்கண் கற்பிக்கும் பாடம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை, நிலத்தை அளந்து வரி வாங்கிய அரசுகளுக்கும், நிலத்தைப் பங்கிட்ட குடிகளுக்கும், கணிதநூல் யாத்த பேரறிஞர் சிலருக்குங்கூட நெடுங்காலம் தெளிவாக விளங்கவில்லை. அது விளங்கிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இணைகரத்தின் இயல்பை நினைவுகூர்தல் வேண்டும். எதிர்ப்பக்கங்கள் இரு சோடியும் சமாந்தரமாக அமைந்த நாற்பக்கல் இணைகரம் எனப்படும். சமாந்தரத்தை நிலத்திலே நேரே சோதித்தல் அரிது; எவ்வளவு நீட்டியும் சந்தியாத கோடுகளை எவர் நீட்டிப் பார்ப்பார்? ஆதலின் வேறு அறிகுறிகள் கொள்ளப்படும். எதிர்ப்பக்கங்கள் இரு சோடியும் சமமாயின் அஃது இணைகரம். எதிர்க்கோணங்கள் இரு சோடியும் சமமாயினும் இணைகரம். ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமாயும் சமாந்தரமாயும் இருப்பினும் இணைகரம். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருகூறிடினும் அஃது இணைகரமே. இவற்றுள் இறுதியிற் கூறியது வயலில் நின்று சோதிப்பார்க்கு மிக எளிது. எதிர்மூலைகளுக்கிடையே இரண்டு கயிறுகளைக் கட்டி, அவை சந்திக்குமிடம் இரு கயிற்றுக்கும் நடுவாக உள்ளதா என்று பார்த்தல் போதும். அவ்விரு கயிறுகளும் நீளத்தில் ஒத்திருப்பின் அந்நிலம் செவ்வகம். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டின் சாய்சதுரம். இரண்டும் பொருந்தின் சதுரம்.

இங்கே ஒரு வேறுபாட்டை உளங்கொள்ளல் தகும். எதிர்ப்பக்கங்களின் சமம் ஓர் உருவத்தை இணைகரம் என்று காட்டப் போதுமானது. எத்தகைய இணைகரம் என்று காட்டப் போதுமானதன்று. வடிவத்தின் இனத்தைப் பக்கங்கள் கூறும். பரப்பைக் கூறுவது செங்குத்துயரமோ மூலைவிட்டமோ ஆகும். அடி 5 அலகும் சாய்ந்த பக்கம் 4 அலகும் உடைய இணைகரம் நிமிர்ந்து செவ்வகமாக நிற்கும்போது 20 சதுர அலகு பரப்புடையது. சாய்ந்து அதன் செங்குத்துயரம் 3 ஆகும்போது பரப்பு 15 ஆகக் குறைகின்றது. நான்கில் ஒருபங்கு நிலம் மறைந்துவிட்டது. வேலியின் நீளமோ ஒரு விரற்கடையும் குறைந்திலது.

பண்டை எகிப்திலே நிலவளவு தொன்றுதொட்டு வளர்ந்த ஒரு கலை. ஆயினும் எட்வு என்னுமிடத்துக் கோயிலிற் பொறிக்கப்பட்ட நிலக்கணக்கு, அங்கு வழங்கிய முறையின் குறையையும் காட்டி நிற்கின்றது. தாலமி மரபினர் ஆட்சிக்காலத்ததாகிய அக்கல்வெட்டு, கோயிலுக்குரிய நாற்புற நிலங்களின் பரப்பைக் காண எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அப்பாதிகள் இரண்டையும் பெருக்குகின்றது. முக்கோண நிலத்துக்கும் அம்முறையே. நான்காம் பக்கம் இல்லை என்று கொள்ளப்பட்டது. செவ்வக நிலத்துக்கு இவ்விதி முற்றும் பொருந்தும். ஏனை நாற்புற நிலங்களுக்கெல்லாம் அது மெய்ப்பரப்பிலும் கூடுதலான விடையையே தரும்.

இது தற்செயலன்று, எளிதில் நிறுவத்தக்கது. யாதாயினும் ஒரு நாற்பக்கலை ஒரு மூலைவிட்டம் இரண்டு முக்கோணிகளாகப் பிரிக்கும். மற்றை மூலைவிட்டம் வேறிரண்டு முக்கோணிகளாகப் பிரிக்கும். இந்நான்கு முக்கோணிகளையுங் கூட்டினால் நாற்பக்கலின் பரப்பு இருமடங்காக வரும். ஒவ்வொரு முக்கோணியின் பரப்பும் அதன் அடுத்துள்ள இரு பக்கங்களின் பெருக்கத்திற் பாதிக்கு மேற்படமாட்டாது. அப்பக்கங்கள் செங்கோணத்திற் சந்திக்கும்போதுமட்டுமே பாதிக்குச் சமமாகும். நான்கையுங் கூட்டி நோக்கின், நாற்பக்கலின் பரப்பு எட்வு விதி தரும் எண்ணுக்கு ஒருபோதும் மேற்படாதென்பதும், நான்கு கோணமும் செங்கோணமாய வழியன்றி அதற்குச் சமமாகாதென்பதும் பெறப்படும். விதியின் பிழை எப்பொழுதும் ஒரே பக்கமாகவே சாய்கின்றது. வரி விதிப்போனுக்கு அது நட்டம் விளைப்பதில்லை. செலுத்துவோனுக்கு இலாபம் விளைப்பதுமில்லை. இல்லாத நிலத்துக்கு வரி இறுத்த உழவர் எத்துணையர் என்பதை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

கிரேக்க நாட்டிலும் இதனை ஒத்த மயக்கம் நிலவியது. சுற்றளவு பெரிதாயின் பரப்பும் பெரிதாம் என்று பொதுமக்கள் எண்ணினர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான வரலாற்றாசிரியர் பொலிபியசு, நகரங்களின் பருமையை அவற்றின் சுற்றுமதிலின் நீளங்கொண்டு மதிப்போரைக் குறித்து எழுதி, அவர்கள் பள்ளியிற் கற்ற கேத்திரகணிதத்தை மறந்தார்கள் என்று கூறினார். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினரான புரோக்குளசு, யூக்கிளிட்டின் நூலுக்கு வகுத்த உரையில், சுற்றளவு மிக்க நிலத்தைப் பிறருக்கு ஈந்து பரப்பு மிக்க நிலத்தைத் தாம் வைத்துக்கொண்டு, ஈகையாளர் என்ற பெயரையும் பெற்ற பங்காளிகளைக் குறிப்பிடுகின்றார். கணித அறியாமை சிலருக்கு முதலாகவும் பயன்பட்டது என்க.

யூக்கிளிட்டின் முதற் புத்தகத்து 35 ஆம் தேற்றம் இம்மயக்கத்தின் வேரை அறுப்பது. ஒரே அடியின்மேல் ஒரே சமாந்தரக் கோடுகளுக்கிடையே அமைந்த இணைகரங்கள் பரப்பிற் சமமானவை என்பது அதன் பொருள். ஓர் இணைகரத்தை எவ்வளவு சாய்த்து இழுப்பினும், அடியும் உயரமும் மாறாதவரை பரப்பு மாறாது. சுற்றளவோ சாயச்சாய எல்லையின்றிப் பெருகும். வலைக்கண்ணில் பக்கம் நிலைத்துப் பரப்பு மாறியது. ஈண்டோ பரப்பு நிலைத்துப் பக்கம் மாறுகின்றது. இவ்விரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள்.

பாரத நாட்டிலே கேத்திரகணிதம் வேள்விச்சாலையிற் பிறந்தது. வேதி அமைக்கும் முறையைக் கூறும் சுல்ப சூத்திரங்கள், கயிற்றையும் முளையையுமே கருவியாகக் கொண்டவை. சோமவேள்விக்குரிய மகாவேதி ஒரு சரிவகம். அதன் கீழைப்பக்கம் 24 அலகு, மேலைப்பக்கம் 30 அலகு, இடைநீளம் 36 அலகு. ஆபஸ்தம்பர் அதன் பரப்பு 972 என்று கூறியதோடு அமையாது, அதற்குக் காரணமுங் காட்டினார். ஒருபுறத்துச் சாய்வை முக்கோணமாக வெட்டியெடுத்துத் திருப்பி மறுபுறத்தில் வைத்தால், 27 அலகு அகலமும் 36 அலகு நீளமும் உடைய நீள்சதுரம் கிடைக்கும். இரண்டின் பெருக்கம் 972. அளவு கூறுவது வேறு, அவ்வளவு ஏன் மெய்யாகும் என்று காட்டுவது வேறு. ஆபஸ்தம்பர் இரண்டையும் செய்தார். இன்று ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர் கடதாசியை வெட்டி இணைகரத்தை நீள்சதுரமாக்கும் முயற்சி, அந்த வேதியோரத்து முயற்சியின் வழித்தோன்றலே ஆகும்.

ஆரியபடர் கி.பி. 499 இல் முக்கோணியின் பரப்பு அடியின் பாதியைச் செங்குத்தாற் பெருக்கக் கிடைப்பது என்று விதித்தார். பிரமகுப்தர் 628 இல் நாற்பக்கலுக்கு இரண்டு விதிகளை வகுத்தார். எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது முதலாவது. இது எட்வு விதியே. இதனை அவர் தூலம் என்று குறித்தார். அஃதாவது பருமட்டான அளவு. பக்கங்களின் கூட்டுத்தொகையிற் பாதியினின்று ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி கழித்து, மிச்சங்கள் நான்கையும் பெருக்கி, வர்க்கமூலங் காண்பது இரண்டாவது. இதனைச் சூக்குமம் என்றார். உலகக் கணித வரலாற்றிலே இது போற்றத்தக்க ஒரு கண்டுபிடிப்பு. எனினும் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேற் கிடக்கும் வட்டநாற்பக்கலுக்கு மட்டுமே இது பொருந்தும். அந்நிபந்தனை விதியின் வாய்பாட்டிலே வெளிப்படையாக இடம்பெறாமையால், பின்வந்தோர் எல்லா நாற்பக்கலுக்கும் அதனைக் கையாளலாயினர்.

இந்த இடைவெளியைக் கண்டவர் பத்தாம் நூற்றாண்டினரெனக் கருதப்படும் இரண்டாம் ஆரியபடர். மூலைவிட்டம் அறியாது நாற்பக்கலின் பரப்பைக் கூற விரும்புவானை அவர் கடிந்துரைத்தார். 1150 இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கராசாரியர் இன்னும் ஒரு படி மேற்சென்றார். செங்குத்தோ மூலைவிட்டமோ கூறாமல் பரப்பை வினவுகின்றவனையும், அதற்கு விடை கூறத் துணிபவனையும் ஒருங்கே இகழ்ந்து, நாற்பக்கலின் நிலையாத் தன்மையை அவர்கள் அறியார்கள் என்றார். இகழ்ந்ததோடு நில்லாமல் எடுத்துக்காட்டுந் தந்தார். அவ்வெடுத்துக்காட்டு நாயாற்றங்கரை வலைக்கண்ணையே எண்ணில் எழுதியது போன்றது.

நான்கு பக்கமும் 25 ஆகவுள்ள நாற்பக்கல் ஒன்றைக் கொள்க. மூலைவிட்டங்கள் சமமாயின் அது சதுரம், பரப்பு 625. ஒரு மூலைவிட்டம் 30 ஆயின் மற்றது 40 ஆகும். அவற்றின் பெருக்கத்திற் பாதியாகிய 600 பரப்பு. ஒரு மூலைவிட்டம் 14 ஆயின் மற்றது 48. பரப்பு 336 ஆகச் சுருங்கும். தூல விதியைக் கொண்டு கணித்தாலும், சூக்கும விதியைக் கொண்டு கணித்தாலும், மூன்றுக்கும் 625 என்ற ஒரே விடையே வரும். சதுரத்துக்கு அது சரி. ஏனை இரண்டுக்கும் தவறு. மூன்றாவது உருவத்திலே பிழை ஏறக்குறைய மெய்ப்பரப்பின் அளவினதாகிவிடுகின்றது. பிரமகுப்தரின் விதி பொய்யன்று. அதற்குரிய எல்லையை மறந்தமையே பொய்யாயிற்று. பிற்காலத்திலே, 1530 ஐ ஒட்டிக் கேரள நாட்டிலே சேட்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை, வட்டநாற்பக்கலுக்கே உரியதாக அவ்விதியை எடுத்து நிறுவி, அதனை அதற்குரிய இருக்கையில் அமர்த்திற்று.

தமிழ்நாட்டிலே நிலவளவு அரசின் தூண்களுள் ஒன்றாயிருந்தது. முதலாம் இராசராசன் காலத்திலே, ஏறத்தாழ 1001 ஆம் ஆண்டில், சோழநாடு அளக்கப்பட்டது என்பர் வரலாற்றறிஞர். 12 சாண் கோல், 16 சாண் கோல் எனப் பலவகைக் கோல்கள் கல்வெட்டுக்களிற் பேசப்படுகின்றன. கோலிட்டு அளந்த சதுரம் குழி. குழி பல சேர்ந்தது மா. 20 மா ஒரு வேலி. ஒரு மாவுக்கு 100 குழி என்பது ஒரு வழக்கு. 256 குழி என்பது மற்றொரு வழக்கு. வேலியின் கூறுகளோ 320 இல் ஒன்றாகிய முந்திரிக்கும், அதன் 320 இல் ஒன்றாகிய கீழ்முந்திரிக்கும், அதற்குங் கீழும் சென்றன. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இத்தகைய கணக்குக்களைச் செய்யுளிலே அமைத்துத் தலைமுறைகளுக்குக் கற்பித்தன. இப்பின்னங்களின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆயினும் எண்ணின் நுட்பம் வேறு, வடிவின் நுட்பம் வேறு. சாய்ந்த நிலத்தை நிமிர்ந்த நிலமாகக் கருதி அளந்தபின், கீழ்முந்திரிவரை பிரித்தெழுதினும் முதற்கண் நேர்ந்த பிழை திருந்தமாட்டாது. கணக்கன் கையிலுள்ள சுவடியைக் காட்டிலும் கயிறு பிடிப்பவன் நிற்கும் இடமே முதன்மையானது.

வன்னியிலோ நிலத்தின் பரப்பை விதையால் அளக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இத்தனை மரைக்கால் விதைப்பு, இத்தனை அவணம் விதைப்பு என்றே வயல் குறிக்கப்பட்டது. இம்முறையைப் பாமர முறை என்று தள்ளிவிடலாகாது. விதைப்பவன் கை வயலின் மூலைமுடுக்கெல்லாம் சென்று திரும்புகின்றது. வரம்பு வளைந்திருப்பினும் சாய்ந்திருப்பினும் விதையின் கணக்கு வடிவத்தால் ஏமாற்றப்படுவதில்லை. வலைக்கண்ணின் மயக்கம் இங்கு எழுவதேயில்லை. ஆனால் மண்ணின் வளத்துக்கும் நீரின் வசதிக்கும் விதைப்பவன் கைக்கும் ஏற்ப விதையின் நெருக்கம் மாறும். ஆகவே இஃது உழவனுக்குப் போதிய அளவை. வழக்குமன்றத்துக்குப் போதிய அளவையன்று.

வழக்குமன்றம் கேட்ட அளவை ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தது. 1800 ஆம் ஆண்டு ஆகத்து 2 ஆம் திகதி இலங்கை நில அளவைத் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டது. 1620 இல் எட்மண்டு குந்தர் அமைத்த 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணிகளோடு இந்நாட்டு நிலங்களிலும் இழுக்கப்பட்டது. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்தார் தம் வழக்கப்படி அதனை 16 பரப்பு என்று பிரித்தனர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன என்று கொள்ள வழிவகுத்தது. அதன்பின் தன் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று காட்டுதல் குடியானவனுடைய பொறுப்பாயிற்று. காடு சூழ்ந்த வன்னிக்கு இச்சட்டத்தின் பொருள் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்காலத்திலேயே கேத்திரகணிதமும் தமிழ் மாணவர் கைக்கு எட்டியது. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே யூக்கிளிட்டின் கேத்திரகணிதம் கற்பிக்கப்பட்டது. அதன் ஆசிரியருள் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதத்தைத் தமிழ்நூலாகத் தந்தார். பாஸ்கரர் சமக்கிருதத்திற் கூறியதும், யூக்கிளிட்டு கிரேக்கத்திற் கூறியதும், தமிழ் மாணவனின் கற்பலகையிலே சந்திக்கத் தொடங்கின.

நாற்பக்கலுக்கு மேற்பட்ட பல்கோணி நிலங்களுக்கும் மூலைவிட்டமே திறவுகோல். எந்தப் பல்கோணியையும் மூலைவிட்டங்களால் முக்கோணிகளாகப் பிரிக்கலாம். முக்கோணிகளின் தொகை பக்கங்களின் தொகையில் இரண்டு குறைந்தது. மூன்று பக்கமும் அறிந்த முக்கோணி அசையாது. வலைக்கண்ணைப்போல் அது ஒடுங்கவோ விரியவோ மாட்டாது. ஆதலின் நிலத்தை முக்கோணிகளாகப் பிரித்தலே அதனை நிலைநிறுத்துதலாகும். நில அளவையாளர் இம்முறையை மேலும் எளிதாக்கினர். நிலத்தின் ஊடே ஒரு நீண்ட அளவைக்கோட்டை இட்டு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் அக்கோட்டுக்குச் செங்குத்து இறக்கி அளந்தனர்.

எடுத்துக்காட்டாக, ஐந்து மூலையுடைய வயலொன்றை நோக்குக. எதிர்ப்பட்ட இரு மூலைகளுக்கிடையே இட்ட அளவைக்கோடு 10 சங்கிலி. அதன் ஒருபுறத்தே ஒரு மூலை 4 சங்கிலி செங்குத்துத் தூரத்தில் உள்ளது. அப்புறத்து முக்கோணியின் பரப்பு 20 சதுரச் சங்கிலி. மறுபுறத்தே இரண்டு மூலைகள்: அளவைக்கோட்டில் 3 சங்கிலி சென்றவிடத்து 2 சங்கிலித் தூரத்தில் ஒன்று, 7 சங்கிலி சென்றவிடத்து 3 சங்கிலித் தூரத்தில் மற்றொன்று. இப்புறம் முதல் முக்கோணி 3, இடைச்சரிவகம் 10, ஈற்று முக்கோணி 4½, ஆகமொத்தம் 17½. இருபுறமுஞ் சேர்ந்து 37½ சதுரச் சங்கிலி. அஃதாவது 3¾ ஏக்கர், யாழ்ப்பாண வழக்கில் 60 பரப்பு. ஈண்டு வயலின் ஐந்து பக்கங்களில் ஒன்றையேனும் அளக்கவில்லை என்பது கருதத்தக்கது. வேலி முழுவதையும் அளந்தவன் பரப்பை அறியான்; வேலியில் ஒரு கோலும் இடாதவன் அறிந்துகொண்டான்.

நாயாற்றுக் கடனீரேரி போன்று வளைந்து நெளிந்த கரையுடைய உருவத்துக்கும் முறை இதுவே. கரையைச் சிறுசிறு நேர்கோடுகளாகக் கொண்டு அதனைப் பல பக்கமுள்ள பல்கோணியாக்கி, சரிவகங்களும் முக்கோணிகளுமாகப் பகுத்துக் கூட்டுவர். மூலைகளின் ஆள்கூறுகளை மாத்திரம் அறிந்து பரப்பைக் காணும் வாய்பாட்டை மெய்சுற்றர் என்னும் செருமானியர் 1769 இல் எடுத்துரைத்தார். இன்று கணிப்பொறிகள் கையாள்வதும் அவ்வழியே. ஆயினும் மாரியிற் பரந்தும் கோடையிற் சுருங்கியும் தோன்றும் கடனீரேரிக்கு எந்நாட் கரையை எல்லையாகக் கொள்வது என்பதை வாய்பாடு கூறாது. அளப்பதற்கு முன் எல்லை இதுவெனத் துணிதல் மனிதன் கடமையாகவே நிற்கின்றது.

இவ்வரலாறு நாயாற்றுப் பகுதியாருக்கு ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. 1984 ஆம் ஆண்டின் இறுதியிலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் மக்கள் தம் வீடும் வயலும் விட்டு இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த 2009 இன் பின்னரே அவர்கள் மீளத் தொடங்கினர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் உழவு காணாத நிலத்தில் வரம்பு கரையும், எல்லைமரம் வீழும், பற்றைக்காடு மூடும். பழைய உறுதிகள் கிழக்கில் இன்னார், வடக்கில் இன்னார் என்று அயலவர் பெயரால் எல்லை கூறுவன. அவ்வயலவர் நிலத்தின் எல்லையும் அழிந்தவிடத்து ஒன்றுக்கு ஒன்று சான்றாதல் எங்ஙனம்?

அத்தகைய வயலொன்றின் நான்கு பக்க நீளமும் உரியவனுக்கு மனப்பாடமாகத் தெரியும் என்றே கொள்வோம். பற்றையை வெட்டித் தேடியபோது இரண்டு எல்லைக்கற்கள் கிடைத்தன என்க. அவை அடுத்தடுத்த மூலைகளின் கற்களாயின், அவற்றுக்கிடைப்பட்ட ஒரு பக்கம் மட்டுமே நிலைத்தது. ஏனை மூன்று பக்கங்களும் வலைக்கண்போல் இப்புறமும் அப்புறமும் சாயத்தக்கன. ஒவ்வொரு சாய்விலும் பரப்பு வேறு, அயலானோடு பிணக்கு வேறு. அவ்வாறன்றிக் கிடைத்த இரண்டும் எதிர்மூலைக் கற்களாயின், அவற்றுக்கிடைப்பட்ட கயிறே மூலைவிட்டம். அதன் இருபுறமும் இரண்டு முக்கோணிகள் அமையும். அளவுகயிற்றை இரு கற்களிலிருந்தும் இழுத்துச் சந்திக்கவிட்டால், காணாமற்போன மூலை இரண்டும் தத்தம் இடத்திலே தாமே வெளிப்படும்.

எண்ணிக்கையிலே இருவகையிலும் இரண்டு கற்கள்தாம். ஒருவகையில் வயல் திரும்பிவரும். மற்றொருவகையில் வழக்கே வரும். எண்ணூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் பாஸ்கராசாரியர் சினந்து கூறியதும் இதுவே. ஆகவே நான்கு பக்கங்களையும் எழுதிவைக்கும் குடும்பத்தார் ஐந்தாவது அளவாக மூலைவிட்டம் ஒன்றையும் எழுதிவைத்தல் வேண்டும். இணைகரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கரும்பலகையில் உருவம் வரையுமுன் ஒரு முழ வலையை மாணவர் கையிற் கொடுத்து, இழுத்துப் பார்க்கச் சொல்லுதலும் நன்றாகும்.